ஆட்டுத்தோலும் கணக்கேடும்

மூன்று நாள்! அதுதான் அளவு. ஊருக்கு வருகின்ற போதகர் ஒரு நாள் தங்கலாம். தேவையிருப்பின் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் மூட்டையைக் கட்டாமல் குந்தியிருப்பாரானால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. விடைபெறும்போது, அடுத்த ஊரில் தலைசாய்க்கும் வரையில் பசியாற ரொட்டி கொடுத்தனுப்பலாம். காசு கேட்டாரோ, கள்ளத் தீர்க்கதரிசி. ஆவி வந்து இறங்கியதென ஆர்ப்பரிக்கும் வேளையில் விருந்து படைக்கும்படி ஆணையிட்டு, படைத்த விருந்தில் தாமே பந்திக்கு முந்தினாரோ, ஐயமே வேண்டா, கள்ளத் தீர்க்கதரிசி!

இத்துணைக் கறாரான சட்டத்தை இயற்றியவர் யார்? பெரியாரா? இங்கர்சாலா? வால்டேரா? அல்லர், தோழர்களே, அல்லர். ஏசுவின் பெயரால் கூடிய தொடக்ககாலத் திருச்சபையாரே இதனை இயற்றினர். 'டிடாக்கே' எனும் சிறிய கிரேக்க நூலிலே இது இருக்கிறது. 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்று அதனைச் சொல்வர். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டிருக்கலாமென்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. நெடுங்காலம் பெயர் மட்டும் வழங்கி, நூல் கைக்கெட்டாதிருந்தது. பின்னாளில் பேராயராக உயர்ந்த பிலொத்தேயோஸ் பிரியென்னியோஸ் எனும் கிரேக்கர் 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்து மடமொன்றின் நூலகத்தில் அதனைக் கண்டெடுத்தார். 1056-ல் படியெடுக்கப்பட்ட தோலேடு அது. 1883-ல் அச்சேறிற்று. ஏறத்தாழப் பத்தொன்பது நூற்றாண்டுக்காலப் பழமை, அச்சிலே வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை!

கடவுளையே ஒப்பாத நமக்கு, கடவுளின் தூதரில் நல்லவர் யார், கள்ளர் யார் எனும் ஆராய்ச்சி ஏன் என்று கேட்கும் இளைஞர் இருப்பர். எல்லாம் புரட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் வேலை எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒருவரையும் காப்பாற்ற முடிவதில்லை. மகளின் திருமணத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தை 'விதைப்புக் காணிக்கை'யென உறையிலிட்டு அனுப்புகின்ற தாய், நம் கூட்டத்துக்கு வருபவள் அல்லள். அவளிடம் போய்க் கடவுள் இல்லையென்றால், காதைப் பொத்திக்கொள்வாள். அவளுடைய மதத்தின் பழைய ஏட்டையே அவள்முன் விரித்து, "உன் முன்னோர் இந்த மனிதனை மூன்றாம் நாள் ஊரைவிட்டே அனுப்பியிருப்பார்களே!" என்றால், ஒரு கணம் நின்று கேட்பாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வாராய்ச்சி.

அந்த நூலின் சிறப்பு எங்கே இருக்கிறது? போதனை மாறுபட்டால் கேளாதே என்று அதிலும் ஓரிடம் உண்டு. ஆயினும் அது விரித்துரைப்பது கொள்கையை அன்று, நடத்தையை. எத்தனை நாள் தங்குகிறாய்? என்ன கேட்கிறாய்? கேட்டதை யார் தின்கிறார்? சொன்னதைச் செய்கிறாயா? தொழில் தெரிந்தவன் ஊரில் குடியேற விரும்பினால் உழைத்து உண்ணட்டும். உழைக்க மறுத்து உண்ண விரும்புபவன் கிறிஸ்துவை விற்றுப் பிழைக்கும் வணிகன் என்று அந்நூல் பெயரே சூட்டுகிறது. ஏழை மக்கள், கைத்தொழிலாளர், அடிமைகள் நிறைந்திருந்த கூட்டம். தங்கள் அடுப்பங்கரையையும் முடிச்சுப் பணத்தையும் காத்துக்கொள்ளக் கண்ட தற்காப்பு இது. கண்ணால் கண்டு, விரலால் எண்ணிப் பார்க்கக்கூடிய சோதனைகள். வேதாந்தம் படித்திருக்க வேண்டியதில்லை, மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால் ஓட்டையில்லாத வேலி உண்டா? இந்த வேலியிலே மூன்று ஓட்டைகள். ஆவியில் பேசிக்கொண்டிருப்பவரைச் சோதிக்கலாகாது, அது மன்னிப்பே இல்லாத பாவம் என்று அதே நூல், அதே பகுதியில் கூறிவிடுகிறது. சோதனை நடத்த வேண்டிய இடமோ அதுதான்! இரண்டாவதாக, உண்மைத் தீர்க்கதரிசி ஊரிலேயே தங்க விரும்பினால், திராட்சை ஆலையிலும் களத்துமேட்டிலும் மாட்டிலும் ஆட்டிலும் முதற்பலனை அவருக்குக் கொடுங்கள், அவரே உங்கள் தலைமைக் குரு என்கிறது. உண்மையானவரென்று பெயர் வாங்கிவிட்டால் மூன்று நாள் கணக்கு முடிந்தது, முப்பது ஆண்டுக் கணக்குத் தொடங்கிற்று. மூன்றாவது ஓட்டைதான் மூன்றிலும் பெரிது. தமக்கெனப் பணம் கேட்பவருக்குச் செவிகொடாதே. பிறருக்கென, இல்லாதவர்க்கெனக் கேட்டால் அவரை ஒருவரும் தீர்ப்பிட வேண்டா! இந்த ஓட்டை வழியே எத்தனை வண்டிகள், எத்தனை மாளிகைகள், எத்தனை ஆகாய விமானங்கள் நுழைந்து சென்றிருக்கின்றன! 'எனக்காக அன்று, ஏழைக்காக. எனக்காக அன்று, ஊழியத்துக்காக' என்று சொல்லாத கள்ளப் போதகர் உலகில் ஒருவரேனும் உண்டோ?

இந்த ஓட்டையை அன்றே கண்டவர் ஒருவர் இருந்தார். லூசியன் எனும் கிரேக்க எழுத்தாளர், அவர் கிறிஸ்தவர் அல்லர். பெரெக்ரினஸ் என்பவனின் சாவைப் பற்றி அவர் எழுதிய அங்கதம் இன்றும் இருக்கிறது. 165-ல் ஒலிம்பிய விழாக் கூட்டத்தின்முன் தீயில் குதித்துச் செத்த விளம்பரப் பித்தன் அவன். அதற்குமுன் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களிடையே புகுந்து தலைவனாகிறான், சிறைப்படுகிறான், கைம்பெண்களும் அநாதைகளும் சிறைவாயிலில் காத்துக் கிடக்கின்றனர், ஆசிய நகரங்களிலிருந்தெல்லாம் சபையாரின் பணம் வந்து குவிகிறது. ஒருவரோடொருவர் உடைமையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த எளிய மக்களிடம், சூழ்ச்சி தெரிந்த எவன் சென்றாலும் விரைவிலே செல்வனாகிவிடலாம் என்பது லூசியனின் கணிப்பு. அவர் ஏளனமாகச் சொன்னார். நமக்கோ ஏளனம் தோன்றவில்லை. ஏமாந்தவரின் குறை அறியாமை மட்டும் அன்று, அவர்களுடைய ஈகையும்கூட என்பதை அவர் தம்மையறியாமலே பதிந்து வைத்திருக்கிறார்.

பின்னர் நடந்தது என்ன? சபை வளர்ந்தது, அரசோடு கைகோத்தது. கள்ளப் போதகரைக் கண்டறியும் கோலும் மாறிற்று. எத்தனை நாள் தங்கினாய் என்ற கேள்வி போய், மூவொருமையை எப்படி ஒப்புகிறாய் என்ற கேள்வி வந்தது. நடத்தைச் சோதனை சொற்சோதனையாயிற்று. விளைவைப் பாருங்கள். 1517-ல் டெட்செல் எனும் துறவி செர்மனியிலே பாவமன்னிப்புச் சீட்டு விற்றான். ரோமாபுரியில் பேராலயம் கட்டவென்று பறையறைந்தான். வசூலில் பாதி, மைன்ஸ் நகரத்துப் பேராயர் ஆல்பிரெக்ட், ஃபுக்கர் எனும் வட்டிக்கடைக் குடும்பத்திடம் பட்ட கடனுக்குப் போய்ச் சேர்ந்தது! அவனைச் சபை எரிக்கவில்லை. சொல்ல வேண்டிய சொல்லையெல்லாம் அவன் பிழையறச் சொன்னான். 1553-ல் மூவொருமைக் கொள்கையை மறுத்த செர்வீட்டஸ் எனும் மருத்துவ அறிஞரையோ, சீர்திருத்தத் திருச்சபையின் ஜெனிவா நகரில் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். நுரையீரல் வழியே குருதி சுற்றுவதை எழுதி வைத்தவர் அவர். காசு பறித்தவன் கட்டிலில் செத்தான், கருத்து மாறுபட்டவர் கம்பத்தில் வெந்தார்!

நம் நாட்டிலும் இதன் சிறிய எதிரொலி உண்டு. தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்கு வந்து லுத்தரன் சபையை நாட்டினார். சில ஆண்டுக்குள் இயேசு சபையைச் சார்ந்த வீரமாமுனிவர் வந்தார். தமிழுக்குத் தொண்டு செய்ததில் இருவரும் பெரியவர். ஆயினும் இவர் அவரணியை வேதத்தைப் புரட்டுவோர் என்றார். 'பேதகம் மறுத்தல்' என்றும் 'லுத்தேரினத் தியல்பு' என்றும் நூல்களே எழுதினார். அவரணியும் வாளாவிருக்கவில்லை. கள்ளப் போதகன் என்ற பட்டம் எதிர்க்கடைக்காரனுக்குச் சூட்டும் பட்டமாகிவிட்டது. மதிகெட்ட குருவையும் மதிகெட்ட சீடர்களையும் வைத்துப் 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதி நம்மைச் சிரிக்க வைத்தவரும் அதே வீரமாமுனிவர்தாம் என்பதை நினைத்தால் மேலும் சிரிப்பு வருகிறது.

இனி, இந்தக் கேள்வியைக் கையிலெடுத்த நாவலொன்றுக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் சிங்ளேர் லூயிஸ் எழுதி 1927-ல் வெளிவந்த 'எல்மர் காண்ட்ரி' அது. அமெரிக்கருள் முதன்முதல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் லூயிஸ், ஆண்டு 1930. இந்நாவலுக்காக 1926-ல் கான்சஸ் சிட்டியில் தங்கி, பாதிரிமாரை அழைத்து விருந்து வைத்து, வினாத் தொடுத்து, அவர்தம் பேச்சையும் கவலையையும் குறித்துக்கொண்டார். நூல் வந்ததும் பாஸ்டன் நகரில் தடை! மேடைதோறும் கண்டனம்! திட்டத் திட்ட விற்பனை பெருகிற்று. நம் ஏடுகளைத் தடை செய்தோர்க்கும் இந்த அனுபவம் உண்டு.

எல்மர் யார்? ஆறடி உடல், அருவி போன்ற குரல், கல்லூரிப் பந்தாட்ட வீரன், குடியன். அவனுக்கு ஜிம் என்றொரு நண்பன் இருக்கிறான். மதத்தை ஒப்பாதவன், புத்தகம் படிப்பவன். ஒரு பிரசங்கக் கூட்டத்தில், கூட்டத்தின் அழுகையும் தாயின் கண்ணீரும் தன்னைப் பார்க்கும் ஆயிரம் கண்களின் போதையும் சேர்ந்து எல்மரை 'மனந்திரும்ப' வைக்கின்றன. பேச வேண்டும், சரக்கு இல்லை. எங்கே தேடுகிறான் தெரியுமா? நண்பன் ஜிம்மின் புத்தகத்தில்! இங்கர்சால் அன்பைப் பற்றி ஆற்றிய உரையின் பகுதியைத் திருடிக்கொள்கிறான். நாத்திகப் பேரறிஞரின் வாசகம் பாதிரியின் வாயில்! வாழ்நாள் முழுதும் ஊர் ஊராக, சபை சபையாக அதையே முழங்குகிறான். கேட்டவர் உருகுகின்றனர், கண்டுபிடித்துக் கழற்றிவிட ஆளில்லை. 'குடி அரசு' படித்துப் பழகியவர் ஒருவர் அக்கூட்டத்தில் இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே பிடித்திருப்பார்!

இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே லூயிஸைப் பாராட்டலாம். மதவாதி சொன்ன நல்ல சொல் எல்லாம் மதத்திலிருந்து வந்ததென்று நம்புவது உலக வழக்கம். அன்பு, ஈகை, இரக்கம் ஆகியவை மனிதனின் பொதுச்சொத்து. அதனை எடுத்து உறையிலிட்டு முத்திரை குத்தி விற்கிறான் எல்மர். சொல் நல்லதா என்று மட்டும் பார்ப்பவர் அவனிடம் ஏமாறுவது உறுதி. ஏனெனில் சொல் நல்லதுதான்!

வேதக் கல்லூரியில் படிக்கும்போதே லூலு எனும் கிராமத்துப் பெண்ணைக் கெடுத்து, பழியை வேறொருவன்மேல் சாற்றி, அவனுக்கே அவளைக் கட்டிவைத்துத் தப்புகிறான். குடித்துக் கிடந்து பிரசங்கத்துக்குப் போகாமையால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறான். நோக்குக, தோழர்களே! அந்தப் பெண்ணுக்காக அன்று, பிரசங்கம் தவறியதற்காக. பின் உழவுக்கருவி விற்கும் முகவன். ஷரன் பால்கனர் எனும் பெண் பிரசங்கியின் கூட்டாளி. அதன்பின் புதுச்சிந்தனை வகுப்பு. அங்கே காணிக்கைப் பணத்தில் கைவைத்து வெளியேற்றம். பின் மெதடிஸ்டுப் போதகர். சிற்றூர், பேரூர், மாநகரம் எனப் படிப்படியாக ஏற்றம். கடைசியில் ஒரு பெண்ணும் அவள் கணவனும் விரித்த வலையில் சிக்கி வீழ்வான் என்று நாம் காத்திருக்கையில், கெட்டிக்கார வழக்கறிஞர் ஒருவர் மீட்டுவிடுகிறார். சபை அவனுக்காக எழுந்து நிற்கிறது. அவன் முழந்தாளிட்டு நாட்டின் ஒழுக்கத்துக்காக வேண்டுகிறான். வேண்டுகையிலேயே பாடகர் குழுவிலுள்ள புதிய பெண்ணின் கணுக்காலைப் பார்த்துவிடுகிறான்.

கதையின் உயிர் எல்மரிடம் இல்லை. அவனோடு படித்த பிராங்க் ஷல்லார்டிடம் இருக்கிறது. பிராங்க் நேர்மையானவன், ஐயம் உடையவன். ஐயத்தை மறைத்துச் சம்பளம் வாங்குவது கூசுகிறது. வெளியே சொன்னால் பிழைப்புப் போகும் என்று அஞ்சுகிறான். அஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுகிறான். சபையைவிட்டு விலக நேர்கிறது. டெனசி மாநிலத்து டேட்டன் நகரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் எனும் ஆசிரியர்மீது 1925-ல் வழக்கு நடந்ததே, அந்நாள்களின் வெறிச் சூழல். அறிவுக்கு ஆதரவாகப் பேசப்போன பிராங்கை வெறியர் கூட்டம் கடத்திச் சென்று, கண்பார்வை பறிபோகும்படி சவுக்கால் அடிக்கிறது.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் நாவலின் அடி விழுகிறது. சபையின் அளவுகோலால் அளந்தால் கள்ளப் போதகன் யார்? பிராங்க்தான்! அவன்தான் கொள்கையில் தடுமாறினான். எல்மர் ஒருநாளும் தடுமாறவில்லை, தடுமாறுவதற்கு அவனிடம் கொள்கையே இல்லை. கள்ளரைக் கண்டுபிடிக்க அமைத்த பொறியில், நேர்மையாளன் அகப்பட்டான். கள்ளனுக்கோ அதே பொறி ஏணியாயிற்று. செர்வீட்டஸ் கதையை ஓர் அமெரிக்கப் பட்டணத்தில், பெட்ரோல் வண்டிக் காலத்தில் மறுபடி நடத்திக் காட்டுகிறார் லூயிஸ்.

நாவலில் எல்மரின் முகத்துக்கு நேரே உண்மையைக் கேட்பவர் ஒரே ஒருவர். பெங்கில்லி எனும் முதிய போதகர், சிற்றூரில் எளிமையாக வாழ்பவர், பக்திமான். கடவுளிடம் உமக்கு நம்பிக்கை இல்லாமற்போனது ஏன் என்று அவர் எல்மரைக் கேட்டுவிடுகிறார். கேட்டவர் நாத்திகர் அல்லர் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். பக்தரெல்லாம் மடையர், பாதிரியெல்லாம் பகல்வேடம் என்று எழுதியிருந்தால் லூயிஸின் வேலை துண்டறிக்கையாகியிருக்கும். பெங்கில்லியைப் படைத்ததால் இலக்கியமாயிற்று.

குறைகளும் உண்டு, மறைப்பானேன்! எல்மர் முதல் பக்கத்திலேயே குடித்துவிட்டு வருகிறான். அவன் அயோக்கியன் என்பது நமக்கு எப்போதும் தெரியும். ஆகவே கண்டறியும் வேலை வாசகனுக்கு இல்லை. நாவலை மூடிவைக்கும் பக்தன், 'அப்பாடா, என் பாதிரியார் குடிப்பதில்லை, பெண்ணைப் பார்ப்பதில்லை. ஆகவே அவர் நல்லவர்' என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயென்றால் தோல் பொருந்தியிருக்க வேண்டாவா? லூயிஸின் ஓநாய்க்குத் தோல் இடுப்புவரை கூட எட்டவில்லை. இன்னொரு குறை, கேட்கும் மக்களை அவர் கூர்ந்து பார்க்கவில்லை. கூடாரத்துக்குள் ஏன் வந்தார்கள்? பஞ்சத்தில் கடன்பட்ட உழவனா, ஊர்விட்டு ஊர் வந்து தனிமையில் வாடும் தொழிலாளியா, மருத்துவரிடம் போகப் பணமில்லாத நோயாளியா? லூயிஸுக்கு அவர்கள் பெரும்பாலும் கும்பல். சுரண்டுகிறவனை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், சுரண்டப்பட்டவர்க்கு முகம் கொடுக்கவில்லை.

ஒரே பாத்திரத்தில் இக்குறை நீங்குகிறது. அவள்தான் ஷரன் பால்கனர். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள் கேட்டி ஜோனஸ், பழம்பெருமை வாய்ந்த குடும்பத்தவள் என்று புனைந்துகொண்டு, பெயர் மாற்றி, வெள்ளுடை தரித்து மேடையேறுகிறாள். குணப்படுத்தும் கூட்டமும் நடத்துகிறாள். பொய்யென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மேடையில் நிற்கையில் தன்னையே தெய்வத்தூதென நம்புகிறாள். கடற்கரையில் அவள் கட்டிய கூடாரம் தீப்பற்றி எரியும்போது, ஓடித் தப்பாமல், சிலுவையை ஏந்திக்கொண்டு நெருப்புக்குள் நிற்கிறாள். எல்மரோ கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1923-ல் பெரும் ஆலயம் எழுப்பி, 1926-ல் கடற்கரையில் காணாமற்போய், கடத்தப்பட்டேன் என்று கூறித் திரும்பிவந்த ஏமி செம்பிள் மக்பெர்சனோடு இவளை ஒப்பிடுவோர் பலர். அந்த மக்பெர்சனின் ஆலயமே பின்னர்ப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பசித்தவர்க்குச் சோறும் போட்டது. உள்ளன்போடு செய்கிறாரா என்பது சோதனையே ஆகாது என்று ஷரன் நமக்குக் காட்டுகிறாள். தன்னை ஏமாற்றிக்கொண்டவர் பிறரை ஏமாற்றுவது இன்னும் எளிது.

1960-ல் ரிச்சர்ட் புரூக்ஸ் இதனைத் திரைப்படமாக்கினார். எல்மராக நடித்த பர்ட் லங்காஸ்டருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நடிப்பு அபாரம். ஆனால் படம் ஷரனின் கதையோடு நின்றுவிடுகிறது. எல்மரிடம் ஒரு கவர்ச்சி, ஓர் இரக்கம்! பிராங்க் ஷல்லார்டின் கண்கள் படத்தில் இல்லை. நாவலின் அடியை எடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நாவல் சொல்லாமல் விட்டதை வாழ்க்கை சொல்லிற்று. ஜிம் ஜோன்ஸ் என்ற பெயரை அறிந்திருப்பீர்கள். 1964-ல் 'கிறிஸ்துவின் சீடர்கள்' எனும் சபையிலே முறைப்படி குருப்பட்டம் பெற்றவன். இந்தியானாபோலிஸ் நகரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் அமரும் ஆலயத்தை நடத்தினான். நிறவெறியை எதிர்த்தான், பசித்தவர்க்கு உணவளித்தான், சமதர்மம் பேசினான். 1976-ல் சான்பிரான்சிஸ்கோ நகரம் அவனை வீட்டுவசதிக் குழுவில் உறுப்பினனாக்கியது. முற்போக்காளர் மேடைதோறும் மாலை. அதே மனிதன் கோழியின் உறுப்புகளை வைத்துக்கொண்டு நோயாளியின் உடலிலிருந்து வந்த புற்றுநோய் என்று காட்டினான் என விலகியவர்கள் கூறினர். 1977-ல் 'நியூ வெஸ்ட்' எனும் ஏடு, விலகியவர்தம் வாக்குமூலத்தை வெளியிட்டது: அடி, மிரட்டல், சொத்தை எழுதி வாங்கல். பலர் நம்பவில்லை. 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டுக் காட்டிலே 900-க்கும் மேற்பட்டோர் நஞ்சால் மாண்டனர். பால்குடி மாறாக் குழந்தைகளுக்கும் நஞ்சு புகட்டினார்கள்.

அவனை மேடையேற்றியவர் வைதிகர் அல்லர், தோழர்களே. நம் மொழி பேசியவர்கள்! சாதியொழிப்புப் போலவே நிறவொழிப்பு என்றதும் அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை. விலகியவர் சொன்னதைப் 'பகைவரின் தூற்றல்' என்று தள்ளினர். மூவொருமையைச் சரியாக ஒப்பித்தவனைச் சபை நம்பியது போலவே, சமதர்மத்தைச் சரியாக ஒப்பித்தவனை இவர்கள் நம்பினர். பகுத்தறிவு மேடையில் நிற்பவன் இந்தச் சோதனைக்கு அப்பாற்பட்டவன் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? உண்டியல் நம்மிடமும் குலுக்கப்படுகிறது. கணக்கு வாசிக்கப்படும்போது கைதட்டுவதோடு நில்லாமல் கேட்டுப் பார்க்கும் இளைஞனை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை எழுதுவதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

பின்னும் ஒன்று. 1986-ல் பீட்டர் போப்பாஃப் எனும் அமெரிக்கப் பிரசங்கி, கூட்டத்தில் இருப்பவரின் பெயர், தெரு, நோய் எல்லாவற்றையும் கடவுள் காதில் சொல்வதாகக் கூறி உரக்க அறிவித்தார். மக்கள் மயங்கினர். ஜேம்ஸ் ராண்டி எனும் மந்திரவித்தைக்காரர் தம் கூட்டாளிகளோடு ஒரு வானொலி வாங்கியைக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். 39.17 மெகாஹெர்ட்ஸில் கடவுள் அகப்பட்டார்! குரல் பிரசங்கியின் மனைவியுடையது. கூட்டம் தொடங்குமுன் மக்கள் எழுதிக்கொடுத்த செபச் சீட்டைப் பார்த்து அம்மையார் வாசிக்க, கணவரின் காதுக்குள் செருகிய சிறு கருவி அதனை ஏந்திற்று. தொலைக்காட்சியில் அது அம்பலமாயிற்று; 1987-ல் அவர் நொடித்துப்போனதாக அறிவித்தார். ஆவியில் பேசுபவரைச் சோதிக்கலாகாது என்ற முதல் ஓட்டையை அடைத்தது வேதவல்லுநர் குழுவா? இல்லை. கைவித்தை அறிந்த ஒருவரும் ஒரு வானொலிப் பெட்டியும். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மார்த்தோமா சபைக் குருவின் மகன், 1963-ல் அற்புதம் செய்துகாட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவியதும் இதே வழிதான். 1978-ல் அவர் மறையும்வரை அப்பணம் அவரிடமே இருந்தது.

மூன்றாவது ஓட்டையோ இன்னும் திறந்தே கிடக்கிறது. ஜிம் பேக்கர் எனும் தொலைக்காட்சிப் பிரசங்கி, ஆயிரம் டாலர் தந்தால் ஆண்டுதோறும் தம் விடுதியில் மூன்று இரவு தங்கலாம் என்று, விடுதியில் இருந்த அறைகள் தாங்காத அளவுக்கு ஆயிரமாயிரம் பேரிடம் பணம் பெற்றார். 1989-ல் 24 குற்றங்களில் தண்டனை: 45 ஆண்டுச் சிறை, பின் குறைக்கப்பட்டு, 1994-ல் விடுதலை. அவரைப் பிடித்தது அஞ்சல் மோசடிச் சட்டமும் கணக்குப் புத்தகமும். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எப்போதும் முடிகிறதா? அமெரிக்காவில் மற்ற அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையை அரசுக்கு அளிக்க வேண்டும். திருச்சபை என்று பெயர் பெற்றுவிட்டால் அளிக்க வேண்டியதில்லை. 2007-ல் கிராஸ்லி எனும் செனட்டர் தொலைக்காட்சி ஊழியக்காரர் அறுவரிடம் விமானம், மாளிகை, சம்பளம் குறித்து விளக்கம் கேட்டார். இருவர் முழுமையாக விடையளித்தனர், மற்ற நால்வர் அவ்வாறு செய்யவில்லை. 2011-ல் விசாரணை எவர்க்கும் தண்டமின்றி முடிந்தது.

போப்பாஃப் என்னவானார் என்று கேட்பீர்கள். திரும்பி வந்தார். தொலைக்காட்சியிலே மீண்டும் தோன்றி, சிறு உறையில் 'அற்புத ஊற்று நீர்' இலவசமாக அனுப்பினார். உறையைப் பெற்றவர்க்குப் பின்னாலேயே கடிதம் வந்தது, காணிக்கை கேட்டு. தண்ணீர் இலவசந்தான், அவரும் எவர் வீட்டிலும் மூன்று நாள் தங்கவில்லை. தபால்காரர்தாம் வந்துகொண்டிருந்தார்.